கேமிங் லேப்டாப் கொதிக்கிறதா? முதலில் வாட்டைக் குறையுங்கள்

கத்திரி வெயில் தொடங்கினால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வர ஆரம்பித்துவிடும். சித்தப்பா பையன், ஆபீஸ் நண்பன், அந்த நண்பனின் தம்பி என்று யார் யாரோ அனுப்புவார்கள். எல்லாப் படத்திலும் ஒரே சங்கதிதான்: திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் ‘சிபியு 95’. கீழே ஒரு வரி: “அண்ணா, இது வெடிச்சிடுமா?”

வெடிக்காது. இன்றைய லேப்டாப் ப்ராசஸர் எவ்வளவு சூடு வரை போகலாம் என்பதைத் தயாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்டெல் கோர் ஐ7-12700எச்சுக்கு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டி ரைசன் 7 5800எச்சுக்கு 105. அதற்குப் பின்னால் வந்த 6800எச்சுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். த்ராட்டில் ஆகுது என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். அப்படியும் அடங்காமல் சூடு ஏறிக்கொண்டே போனால் லேப்டாப் தானே அணைந்துவிடும். 2022இல் ஏஎம்டி தன் ரைசன் 7000 டெஸ்க்டாப் ப்ராசஸர்களை வெளியிட்டபோது, முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடுவது கோளாறு அல்ல, அப்படித்தான் வடிவமைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னது.

அப்புறம் எதற்கு இந்த நீளப் பதிவு? ப்ராசஸர் தப்பித்துக்கொள்ளும், அதைச் சுற்றியிருப்பவைதான் அவதிப்படும் என்பதால். முதலில் ஆட்டம் திக்கும். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கும். சராசரி எஃப்பிஎஸ் 90 என்று காட்டும், கண்ணுக்கு மட்டும் படம் விட்டுவிட்டு ஓடுவதுபோல் தெரியும். அடுத்து ஃபேன் இரைச்சல். பக்கத்து அறையில் தூங்குபவர்கள் எழுந்து வந்து முறைக்கிற அளவுக்கு. உண்மையான பலி பேட்டரிதான். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் பிடிக்காது, எந்நேரமும் 100 சதவீதத்தில் நிற்பதும் பிடிக்காது. கேமிங் லேப்டாப்பில் இரண்டும் சேர்ந்தே நடக்கும். அதனால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் லேப்டாப்பில் இருந்தால் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் போட்டுவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். என் கட்சி இதுதான்: வந்த சூட்டை எப்படி விரட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது சுலபம், செலவும் இல்லை. ஆனால் நம் ஆட்கள் நேர் எதிராகப் போவார்கள். முதலில் நீல விளக்கு வைத்த கூலிங் பேட், அடுத்து ப்ராசஸர் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட் மாற்றம், அடுத்து இன்னும் பெரிய கூலிங் பேட். செட்டிங்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். லேப்டாப் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. ஐ7-12700எச்சின் அடிப்படை மின்கணக்கு 45 வாட். பெட்டியில், விளம்பரத்தில் எல்லாம் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். டர்போ வேகத்தில் அது 115 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லின் அதே தகவல் பக்கத்தில் இருக்கிறது. எவ்வளவு நேரம் அப்படி இழுக்கலாம், அதன்பின் எத்தனை வாட்டுக்கு இறங்க வேண்டும் என்பதை லேப்டாப் கம்பெனி தீர்மானிக்கிறது. யூடியூபில் பெஞ்ச்மார்க் எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பல கம்பெனிகள் இந்த அளவைத் தாராளமாகவே வைத்துவிடுகின்றன. சில நிமிட டெஸ்ட்டுக்கு அது போதும். மூன்று மணி நேரம் ஆடுபவருக்கு அல்ல.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ப்ராசஸர் செலவழிக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறும். மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப ஏறும். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். வேகம் 15 சதவீதம், அதற்காக வோல்டேஜும் 15 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.15ஐ மூன்று முறை பெருக்கினால் 1.52. அதாவது 15 சதவீத வேகத்துக்கு 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சூடு. டர்போவின் உச்சியில் நடப்பது இதுதான். அந்தக் கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுத்தால் சூடு மளமளவென்று இறங்கும். பெரும்பாலான கேம்களில் படத்தை வரைகிற வேலை கிராஃபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. ப்ராசஸர் 4.6இல் ஓடினாலும் 3.8இல் ஓடினாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

அடுத்தது நம் ஊர் விவகாரம். கூலிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் லேப்டாப் தன் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்ட முடியும். அறை ஒரு டிகிரி சூடானால் ப்ராசஸரும் ஏறக்குறைய ஒரு டிகிரி சூடாகும். ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் ஒருவர் அளந்து 83 என்று எழுதுகிறார். அதைப் படித்துவிட்டு சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் நாம் ஆடுகிறோம். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அறை 34 டிகிரி. அவருடைய 83 நம் வீட்டில் 95 ஆகாமல் வேறென்ன ஆகும்? லேப்டாப்பில் கோளாறே இல்லை. கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே ஏசி அறையில் சோதித்துப் பார்த்து “நல்லாத்தானே இருக்கு சார்” என்று திருப்பிக் கொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை.

அறை வெப்பம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகப் பிரசித்தமான சாட்சியே உண்டு. 2018 ஜூலையில் ஐ9 ப்ராசஸர் வைத்த மேக்புக் ப்ரோ வந்தபோது, டேவ் லீ என்ற யூடியூபர் அதில் வீடியோ எக்ஸ்போர்ட் செய்து பார்த்தார். அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த ப்ராசஸர், சூட்டில் அதற்கும் கீழே விழுந்தது. மனுஷன் லேப்டாப்பை ஃபிரீசருக்குள் வைத்து அதே வேலையைச் செய்தார், மளமளவென்று முடிந்தது. சில நாள் கழித்து, ஃபர்ம்வேரில் ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டுப் போனதுதான் காரணம் என்று சொல்லி ஆப்பிள் ஒரு அப்டேட் விட்டது. ஃபேனை மாற்றவில்லை, பேஸ்ட்டை மாற்றவில்லை. சாஃப்ட்வேரிலேயே சரிசெய்தார்கள். (நம் வீட்டில் யாரும் லேப்டாப்பை ஃபிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் முத்து கோத்துவிடும், அதோடு கதை முடிந்தது.)

சரி, செய்ய வேண்டியது என்ன? முதல் வேலை, ஃபிரேமுக்கு ஒரு வரம்பு. இதற்குப் பத்து பைசா செலவில்லை. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் 144க்கு மேல் வரும் ஃபிரேம் எல்லாம் பெரும்பாலும் வீண். ஆனால் வரம்பு போடாவிட்டால் பழைய கேம்கள் 250, 300 என்று எகிறிக்கொண்டே இருக்கும், அத்தனைக்கும் ப்ராசஸர் ஓட வேண்டும். கதை சார்ந்த கேம் என்றால் 60ஓ 75ஓ தாராளம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘மேக்ஸ் ஃபிரேம் ரேட்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதில் போட்டால் எல்லா கேமுக்கும் பொருந்தும். ஆட்டமே தொடங்காத மெனு திரையில்கூட கார்டு தலைதெறிக்க ஓடும் என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ பீட்டாவின்போது சிலருடைய விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போன செய்தி நினைவிருக்கலாம். கார்டுகளிலும் குறை இருந்தது என்று பிறகு தெரியவந்தது, ஆனால் அமேசான் முதலில் செய்த காரியம் மெனு திரைக்கு ஃபிரேம் வரம்பு போட்டதுதான்.

வேலரன்ட், கவுன்டர்ஸ்ட்ரைக் மாதிரிப் போட்டி கேம் ஆடுபவர்கள் இந்த யோசனைக்குக் கோபப்படுவார்கள். அவர்களுக்கு ஃபிரேம்தான் உயிர். அவர்கள் அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாவது, ப்ராசஸரின் வாட்டுக்கு வரம்பு. இதுதான் இந்தப் பதிவின் சாரம். இணையத்தில் தேடினால் முதலில் அகப்படுவது ‘99 சதவீத’ வைத்தியம்: விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்பதை 100இலிருந்து 99 ஆக்குவது. டர்போ முழுசாக அணைந்துவிடும், சூடு சரசரவென்று இறங்கும். ஆனால் 12700எச்சின் பெரிய கோர்களுக்கு அடிப்படை வேகம் வெறும் 2.3 கிகாஹெர்ட்ஸ். 4.7 வரை போகக்கூடியதை 2.3இல் கட்டிப்போட்டால் சைபர்பங்க் 2077இன் கூட்டமான தெருவில் ஃபிரேம் நிச்சயம் விழும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. அவசரத்துக்குச் செய்யலாம், நிரந்தரமாக வேண்டாம்.

நல்ல வழி, டர்போவை விட்டுவைத்துவிட்டு எத்தனை வாட் என்பதை மட்டும் கட்டுப்படுத்துவது. இப்போது வரும் பல கேமிங் லேப்டாப்புகளில் கம்பெனியின் சொந்த ஆப்பிலேயே ‘மேனுவல்’ அல்லது ‘கஸ்டம்’ என்று ஒரு மோடு இருக்கும். அதில் ப்ராசஸருக்கு இரண்டு எண்கள் கேட்கும். ஒன்று பிஎல்1, தொடர்ந்து எவ்வளவு இழுக்கலாம் என்பது. மற்றது பிஎல்2, கொஞ்ச நேரத்துக்கு எவ்வளவு என்பது. அந்த மோடு இல்லாத இன்டெல் லேப்டாப்பில் ‘த்ராட்டில்ஸ்டாப்’ என்ற இலவச சாஃப்ட்வேரில் இதே வேலையைச் செய்யலாம், பயாஸ் பூட்டியிருக்காவிட்டால். நான் என் லேப்டாப்பில் பிஎல்1ஐ 45இலும் பிஎல்2வை 65இலும் வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நின்றுகொண்டிருந்த சூடு எண்பதுகளின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. ஃபிரேம் எண்ணை மறைத்துவிட்டு ஆடச் சொன்னால் எது பழைய செட்டிங், எது புதியது என்று என்னால் சொல்ல முடியாது. ஃபேன் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பொதுவான செம்புக் குழாய்கள்தான் போகும். இந்த ஹீட் பைப்புக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது. சூடான முனையில் ஆவியாகி, ஃபேன் பக்கத்துக் குளிர்ந்த முனையில், இட்லிப் பானை மூடியில் முத்துக் கோப்பதுபோல் மறுபடி நீராகித் திரும்பிவரும். இரண்டு சிப்பும் ஒரே குழாயில் சூட்டை ஏற்றினால் ஒன்று மற்றதைச் சுடும். ப்ராசஸர் அடங்கினால் கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். என்விடியாவின் ‘டைனமிக் பூஸ்ட்’ உள்ள லேப்டாப்பில் ப்ராசஸர் மிச்சம்பிடித்த வாட் கார்டுக்கே போய்ச் சேரும். ப்ராசஸரைக் குறைத்ததும் ஃபிரேம் கூடியது என்று சிலர் சொல்வதை நம்பலாம்.

ஒன்றை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். கேம் முதல் முறை திறக்கும்போது ‘ஷேடர் கம்பைல்’ என்று ஒரு பட்டை ஓடும். அப்போது எல்லா கோர்களும் முழு வேகத்தில் ஓடும், சூடு உச்சிக்குப் போகும். 2023 மார்ச்சில் பிசிக்கு வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ இதற்காகவே பேர் வாங்கியது. அந்த நேரத்து எண்ணைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சூட்டையும் வாட்டையும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆடிவிட்டு வந்து பாருங்கள். அதிலும் டிகிரியைவிட இரண்டு வரிகள் முக்கியம். ‘தெர்மல் த்ராட்டிலிங்’ என்ற இடத்தில் ‘யெஸ்’ என்று வந்திருக்கிறதா, ‘சிபியு பேக்கேஜ் பவர்’ சராசரியாக எத்தனை வாட் என்று பாருங்கள்.

அண்டர்வோல்ட் பற்றிக் கேட்பீர்கள். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைக்கிற அருமையான வித்தை அது. ஒரு காலத்தில் இன்டெல் லேப்டாப் வைத்திருந்தவர்கள் எல்லாரும் செய்தார்கள். 2019 டிசம்பரில் ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்புக் குறை வெளியே வந்தது. வோல்டேஜைக் குறைத்து ப்ராசஸரைத் தடுமாற வைத்து ரகசியங்களைத் திருடலாம் என்று ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் பயாஸ் அப்டேட்டுகளில் ஒவ்வொரு கம்பெனியாக இந்த வசதியைப் பூட்டத் தொடங்கியது. கேம் ஆடுகிற சாமானியனுக்கு அந்தத் தாக்குதலால் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. யாருக்கோ வந்த காய்ச்சலுக்கு நமக்கு ஊசி போட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். எச்எக்ஸ் வகை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், சிலவற்றில் திறந்தே இருக்கிறது.

இத்தனையும் செய்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். வாரன்டி இருக்கிறதென்றால் திறப்பதற்கு அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாரன்டி முடிந்ததும் நான் ரிச்சி தெருவில் ஒருவரிடம் கொண்டுபோனேன். அடி மூடியைக் கழற்றியதும் ஃபேன் இறக்கைகள் சுத்தமாகத்தான் தெரிந்தன. “ஒண்ணுமே இல்லையேண்ணே” என்றேன்.

“இருங்க தம்பி, இங்க பாத்தா தெரியாது” என்று சொல்லிவிட்டு ஃபேனையே கழற்றித் தூக்கினார். ஃபேனுக்கும் அதை ஒட்டிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம் நெடுக ஒட்டியிருந்தது. ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. அதில் தலைமுடி இருந்தது, போர்வைப் பஞ்சு இருந்தது. “வெளியிலேர்ந்து புளோயர் அடிச்சா இது போவாது. இன்னும் உள்ள தள்ளி இறுக்கமாத்தான் ஆவும்” என்றார். பேஸ்ட்டையும் பார்த்தார். ப்ராசஸரின் நடுவே வெறும் சிலிக்கான் பளபளத்தது. பேஸ்ட் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி வரிகட்டியிருந்தது. சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கி, திரும்பத் திரும்ப இப்படி நடக்கும்போது பேஸ்ட் பிதுங்கி வெளியேறிவிடும். டெஸ்க்டாப் ப்ராசஸருக்கு மேலே ஒரு உலோக மூடி இருக்கும். லேப்டாப்பில் அது இல்லை, நேராகச் சிலிக்கான் மேலேயே ஹீட் சிங்க் உட்காருவதால் இந்தத் தொல்லை அதிகம்.

அதனால் லேப்டாப்புக்குத் தண்ணியான பேஸ்ட் வேண்டாம். கொஞ்சம் கெட்டியான பேஸ்ட் அல்லது ஹனிவெல்லின் பிடிஎம்7950 மாதிரியான தாள் நல்லது. அந்தத் தாள் அறைச் சூட்டில் திடமாக இருக்கும், சுமார் 45 டிகிரிக்கு மேல் இளகி இடுக்குகளில் பரவும், பேஸ்ட் மாதிரி சீக்கிரம் பிதுங்காது. போலிகள் நிறைய உலாவுவதால் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீர்கள். காலியம் கலந்த அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும், ஒரு சொட்டு தெறித்தால் மதர்போர்டு காலி. அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துத் தின்றுவிடும்.

நீங்களே திறப்பதானால் மூன்று விஷயம். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். இறுக்கும்போது அந்த வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரே மூச்சில் ஒரு பக்கத்தை இறுக்கினால் சிலிக்கான் ஓரம் உடையலாம். காற்று அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழல விட்டால் பேரிங் போய்விடும்.

கூலிங் பேட்? சாதாரண பேடுகள் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வைத்தாலே அதில் பாதி கிடைத்துவிடும். சுற்றிலும் ஃபோம் வைத்து அடைத்து, பெரிய ஃபேனால் காற்றை உள்ளே திணிக்கிற வகை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த இரைச்சலில் ஹெட்போன் இல்லாமல் உட்கார முடியாது. மெத்தையில், தலையணையில் வைத்து ஆடுபவர்களுக்கு எந்த பேடும் உதவாது, அடியில் காற்று போக வழியே இல்லை. வீட்டில் ஏசி இருந்தால் 26இல் போட்டுக்கொண்டு ஆடுங்கள். லேப்டாப்புக்கு விற்கிற எந்தச் சாமானும் அதற்கு ஈடாகாது.

கடைசியாக, புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒல்லியான உடம்பில் ஐ9 ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். 2018இல் ஆப்பிளையே அது தலைகுனிய வைத்தது. ஒரே விலைக்கு இரண்டு லேப்டாப் இருந்தால், ப்ராசஸர் ஒரு படி குறைவாக இருந்தாலும் உடம்பு தடிமனாக, பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்றுத் துளை பெரிதாக இருப்பதை எடுங்கள். ப்ராசஸரில் இறங்கிப் பணம் மிச்சமானால் அதில் கிராஃபிக்ஸ் கார்டை ஒரு படி ஏற்றுங்கள். வாங்கி வந்த அன்றைக்கே வாட் வரம்பைப் போட்டுவிடுங்கள்.